துருவைவிட உப்புதான் சிக்கல்: தோண்டியெடுத்த நான்கு இரும்புப் பொருட்கள் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

மெட்டல் டிடெக்டரோடு தேடுவதைப் பொழுதுபோக்காக வைத்திருக்கும் ஒருவர், நில உரிமையாளரின் அனுமதியோடு ஒரு தாழ்வான உவர் நிலத்தில் தேடியபோது நான்கு இரும்புப் பொருட்கள் கிடைத்தன: பழைய கதவின் நீளமான பட்டைக் கீல் ஒன்று, கோடாரித் தலை ஒன்று, கைப்பிடி போன கத்தி ஒன்று, பித்தளைத் தகடு வைத்த இரும்புப் பூட்டு ஒன்று. எங்கே, எவ்வளவு ஆழத்தில் கிடைத்தன என்பதை அவர் குறித்துவைத்திருந்தார். மண் ஒட்டியிருந்த நிலையிலேயே படமும் எடுத்திருந்தார். சட்டப்படி தெரிவிக்க வேண்டியவர்களிடம் தெரிவித்து, பொருட்களை வைத்துக்கொள்ளலாம் என்ற பதிலையும் வாங்கியிருந்தார்.

நான்கில் பெரியது கீல். அதைத்தான் முதலில் கையில் எடுத்தார். வினிகரில் ஊறப்போட்டார், ட்ரில்லில் மாட்டிய கம்பி பிரஷால் பளபளக்கும்வரை தேய்த்தார், காயவைத்து வார்னிஷ் அடித்துச் சுவரில் மாட்டினார். இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்களில் பலர் முதல் பொருளை இப்படித்தான் சுத்தம் செய்வார்கள். சில மாதங்கள் ஒன்றும் ஆகவில்லை. காற்றில் ஈரம் கூடிய காலம் வந்ததும் வார்னிஷுக்கு அடியிலிருந்து ஆரஞ்சு நிறப் புள்ளிகள் கிளம்பின. அப்புறம் ஓரங்களில் செதில் செதிலாக உதிர ஆரம்பித்தது.

அந்த நிலையில்தான் கீல் என்னிடம் வந்தது. உலோகப் பொருட்களைப் பராமரிக்கும் வேலையில் எனக்குப் பழக்கம் உண்டு. மற்ற மூன்றையும் அவர் இன்னும் தொடவில்லை என்றார். அது ஒரு நல்ல செய்தி.

கீலில் தெரிந்தது

உருப்பெருக்கியில் பார்த்தபோது புள்ளிகளில் சில இன்னும் ஈரமாக இருந்தன: மஞ்சள் கலந்த பழுப்பு நிறச் சிறு துளிகள். சில துளிகள் காய்ந்துபோய், உள்ளே ஒன்றுமில்லாத மெல்லிய உருண்டை ஓடாக நின்றன. ஊசி முனை பட்டதும் நொறுங்கின. ஈரத் துளியில் பிஎச் தாளை ஒற்றியெடுத்தால் நிறம் கடும் அமிலத்தைக் காட்டியது, 2-க்குப் பக்கத்தில். இரும்பு வியர்க்கிறது என்று இந்தத் துறையில் சொல்வது இதைத்தான். காற்றிலிருந்து வெறும் ஈரம் படிந்திருந்தால் இவ்வளவு அமிலம் இருக்காது.

காரணம் மண்ணிலேயே தொடங்குகிறது. புதைந்த இரும்பு மெல்லக் கரையும்போது நேர்மின்னூட்டம் கொண்ட இரும்பு அயனிகள் உண்டாகின்றன. அதைச் சமன்செய்ய மண்ணிலுள்ள குளோரைடு, அதாவது உப்பின் ஒரு பாதி, உலோகத்தை நோக்கி நகர்கிறது. துருவுக்கும் எஞ்சிய உலோகத்துக்கும் நடுவிலுள்ள எல்லையில் போய்த் தங்கிவிடுகிறது. மண்ணுக்குள் ஆக்சிஜன் குறைவு என்பதால் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. பொருள் வெளியே வந்து காயும்போது துருவில் விரிசல் விடுகிறது, ஆக்சிஜன் உள்ளே புகுகிறது, எல்லையில் இருக்கும் இரும்புக் குளோரைடு கரைசல் ஆக்சிஜனேற்றம் அடைந்து அமிலமாகிறது. அங்கே உருவாகும் அகாகனைட் என்ற துரு வகை தன் படிக அமைப்புக்குள்ளேயே குளோரைடைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. கரைந்த இரும்பைப் போல அது சுமார் 3 மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால் மேலே உள்ள அடுக்கை உள்ளிருந்தே நெம்பித் தள்ளுகிறது. கீலின் ஓரம் வெங்காயச் சருகு மாதிரி உரிந்ததற்குக் காரணம் இந்த நெம்புதல்தான்.

ஆக, வினிகரும் பிரஷும் எடுத்தது மேல்துருவை. உப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. வார்னிஷ் நீராவியைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. அடியில் என்ன நடக்கிறது என்பதையும் மறைத்துவிடும். என் கணிப்பில் இதுதான் வார்னிஷின் பெரிய கேடு.

கீலுக்கு முடிவு எளிது. இனி இழக்க அதிகமில்லை. பெயின்ட் நீக்கியால் வார்னிஷை எடுத்துவிட்டு, மூடியுள்ள பிளாஸ்டிக் தொட்டியில் 2 விழுக்காடு காஸ்டிக் சோடா கரைசலில் முழுக்கினோம். அந்த அளவு காரத்தன்மையில் இரும்பு கிட்டத்தட்ட அரிக்காது, குளோரைடு மட்டும் மெல்ல வெளியே வரும். தொட்டியை விளிம்புவரை நிரப்பி மூடினால் காற்றுக்கு இடமிருக்காது. கரைசலை அவ்வப்போது மாற்ற வேண்டும். வேலை மாதக்கணக்கில் நீளும். காஸ்டிக் சோடா கண்ணில் பட்டால் பார்வையே போகலாம் என்பதால் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொட்டிக்கருகே போவதில்லை என்று பேசிக்கொண்டோம்.

மற்ற மூன்றையும் தொடுவதற்கு முன்

துருக்கட்டி எதுவானாலும் முதல் கேள்வி, அது வெடிபொருளாக இருக்க வாய்ப்புண்டா என்பது. உருண்டையோ உருளையோ, வடிவம் புரியாத கனமான கட்டியோ என்றால் சுத்தம் என்ற பேச்சே இல்லை. அதை இருந்த இடத்திலேயே விட்டுவிட்டுக் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும். இங்கே மூன்றின் வடிவமும் தெளிவாகத் தெரிந்ததால் அந்தக் கவலை எழவில்லை.

அடுத்த கேள்வி, உள்ளே எவ்வளவு உலோகம் மிச்சம் இருக்கிறது? செய்முறையைத் தீர்மானிப்பது இதுதான். பலரும் காந்தத்தை வைத்துப் பார்த்து முடிவு கட்டுகிறார்கள். ஆனால் துருவிலுள்ள மேக்னடைட்டும் காந்தத்தில் ஒட்டும். கொஞ்சமும் உலோகம் இல்லாத ஆணிகூட காந்தத்துக்குத் துள்ளுவதைப் பார்த்திருக்கிறேன். காந்தம் ஒட்டவில்லை என்றால் உலோகம் இல்லை என்று சொல்லலாம். ஒட்டினால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

கோடாரியைத் தராசில் எடைபோட்டு, நீரில் அமிழ்த்தி அது விலக்கிய நீரையும் அளந்தோம். சுமார் 900 கிராம் எடை, 140 மில்லி நீர்: கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 6.4 கிராம். இரும்பின் அடர்த்தி 7.9, துருவின் அடர்த்தி 4-ஐ ஒட்டியது, மண் கலந்தால் இன்னும் குறைவு. அந்தக் கணக்கில் கோடாரிக்குள் கெட்டியான உலோகம் நிறையவே இருந்தது.

கத்தியைத் தண்ணீரில் போட வேண்டாம் என்று நிறுத்தினேன். அதன் வால்பகுதியில், அதாவது கைப்பிடிக்குள் செருகும் முனையில், துருவின் மேல் நீளவாட்டில் மெல்லிய கோடுகள் தெரிந்தன. மரக்கைப்பிடி மக்குவதற்குள் இரும்பு உப்புகள் அதில் ஊறி, மரத்தின் இழையமைப்பு துருவிலேயே அச்சாகப் பதிந்துவிட்டது. எந்த மரம் என்று பிற்பாடு ஒரு நிபுணர் நுண்ணோக்கியில் சொல்லக்கூடும். ஒரு கம்பி பிரஷுக்கு அது வெறும் அழுக்கு.

தெரிந்த ஒரு கால்நடை மருத்துவர் உதவியோடு கத்தியையும் பூட்டையும் எக்ஸ்ரே எடுத்தோம். கத்தியின் முதுகுப்பக்கம் மட்டும் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு; அதுதான் மிச்சமிருந்த உலோகம். அலகின் மற்ற பகுதி முழுவதும் துருவாக மாறிவிட்டது. ஆனால் அந்தத் துருவுக்குள்ளேயே பழைய வெட்டுமுனையின் விளிம்பு அடர்த்தி வேறுபாடாகத் தெரிந்தது. கத்தியின் உருவம் இனி உலோகத்தில் இல்லை, துருவுக்குள் இருக்கிறது என்று அப்போதே தெளிவானது. துருவை எல்லாம் எடுத்தால் கையில் மிஞ்சுவது ஒரு கம்பித்துண்டு. பூட்டின் படத்தில் உள்ளே இருந்த நெம்புகளும் வில்லும் வரிசை குலையாமல் தெரிந்தன. தாழ் பூட்டிய நிலையிலேயே இருந்தது.

கோடாரி: மின்பகுப்பு

கெட்டியான உலோகம் உண்டு, உயிர்ப்பொருள் தடயம் எதுவும் இல்லை, ஒரே உலோகம். மின்பகுப்புக்கு, அதாவது பொருளைக் கரைசலில் தொங்கவிட்டு மின்சாரம் செலுத்தும் முறைக்கு, ஏற்ற பொருள் இப்படித்தான் இருக்க வேண்டும். தேடியவர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பற்றிக் கேட்டார். வேகமாகத் துருவைக் கரைக்கும் என்பது உண்மைதான், ஆனால் வெளியேற்ற வேண்டிய குளோரைடையே அது ஊட்டிவிடும். நெருப்பில் பழுக்கக் காய்ச்சித் துருவை உதிர்ப்பது பழைய வழி. காய்ச்சினால் எஃகின் உள்ளமைப்பு மாறிவிடும். கொல்லர் எப்படிப் பதம் வைத்தார் என்பதற்கான சான்று அதோடு போகும்.

லிட்டருக்கு 50 கிராம் வீதம் சலவை சோடா கரைத்த பிளாஸ்டிக் தொட்டி. கோடாரியை எதிர்மின்வாயாக நடுவில் தொங்கவிட்டு, சுற்றிலும் சாதாரண எஃகுத் தகடுகளை நேர்மின்வாயாக நிறுத்தினோம். எவர்சில்வர் சாமான் தேயாது என்று பலர் அதைப் போடுகிறார்கள். அதிலுள்ள குரோமியம் நச்சு வடிவில் கரைசலில் கலக்கக்கூடும். துத்தநாகம் பூசிய தகடும் ஆகாது. சமையல் உப்பைக் கரைத்தால் மின்சாரம் நன்றாகப் பாயும், கூடவே குளோரைடும் சேரும், குளோரின் வாயு கிளம்பும் ஆபத்தும் உண்டு. சலவை சோடாக் கரைசலில் எதிர்மின்வாயிலிருந்து வருவது ஹைட்ரஜன். ஆகவே காற்றோட்டமான இடம், பக்கத்தில் தீப்பொறி கூடாது.

மின்னோட்டம் எவ்வளவு என்பதில்தான் எங்களுக்குள் கொஞ்சம் வாக்குவாதம். கார் பேட்டரி சார்ஜரை முழு வேகத்தில் விட்டால் ஒரே இரவில் துரு பொலபொலவென்று கழன்றுவிடும் என்றார் அவர். கழலும், சரி. நுரைத்தெழும் ஹைட்ரஜன் துருவை உடைத்துத் தள்ளும்போது, அடர்த்தியான உள்ளடுக்கும் கூடவே போய்விடும். பழைய மேற்பரப்பு பெரும்பாலும் அந்த அடுக்கில்தான் இருக்கும். எங்களுக்கு வேண்டியது வேகம் அல்ல. துருவைக் கொஞ்சம் கெட்டியான வடிவத்துக்கு மாற்றி, குளோரைடை மெல்ல வெளியே இழுப்பது. சதுர சென்டிமீட்டருக்கு 1 முதல் 5 மில்லி ஆம்பியர் போதும். கோடாரியின் பரப்பு சுமார் 300 சதுர சென்டிமீட்டர் என்று கணக்கிட்டு, அரை ஆம்பியரை ஒட்டி நிறுத்தினோம். குமிழிகள் கண்ணுக்கு அரிதாகத்தான் தெரிந்தன. அவருக்கு அது ஏமாற்றமாகவே இருந்தது.

எப்போது நிறுத்துவது என்பதைத் துருவின் நிறம் சொல்லாது, கரைசலில் உள்ள குளோரைடு சொல்லும். வெள்ளி நைட்ரேட் சோதனையைப் பயன்படுத்தினோம்: கரைசலில் சிறிது எடுத்து, நைட்ரிக் அமிலத்தால் அமிலமாக்கி, அதன்பின் வெள்ளி நைட்ரேட் ஒரு துளி. பால் போல வெண்மை படர்ந்தால் குளோரைடு உண்டு. அமிலமாக்காமல் விட்டால் கார்பனேட்டே வீழ்படிவாகி ஏமாற்றிவிடும். குழாய் நீரிலேயே குளோரைடு இருக்கும் என்பதால் கடைசிக் கரைசல்களைக் காய்ச்சி வடித்த நீரில்தான் கரைத்தோம். கரைசலை மாற்றிய பின்னும் வெண்மை தெரியாத நிலை வரும்வரை தொடர்ந்தோம். வாரங்கள் ஆயின. மின்சாரத்தை நிறுத்திய பிறகு கோடாரியைக் கரைசலில் ஊறவிடவில்லை.

பிறகு வடித்த நீரில் பலமுறை கொதிக்கவைத்துக் கழுவினோம். ஈரமான சுத்த இரும்பு நிமிடக்கணக்கில் மெல்லிய துருவைப் போர்த்திக்கொள்ளும் என்பதால், கழுவியதும் அசிட்டோனில் முக்கி, வெதுவெதுப்பான அடுப்பறையில் முழுதாகக் காயவைத்தோம். தளர்ந்த துருவை நைலான் பிரஷாலும் மரக்குச்சியாலும் எடுத்தபோது, வாய்ப்பகுதியில் குறுக்கே ஒரு மெல்லிய கோடு தெரிந்தது: மெத்தென்ற இரும்பு உடலோடு எஃகு வாயைப் பற்றவைத்த இணைப்பு. இந்தக் கோடாரியைப் பற்றி அதுவரை தெரியாத ஒரே புதுச்செய்தி அதுதான். கம்பிச் சக்கரம் ஓடியிருந்தால் தேய்ந்து போயிருக்கும்.

மேற்பூச்சுக்கு டானிக் அமிலக் கரைசல். துருவோடு வினைபுரிந்து கருநீல இரும்பு டானேட் ஆகி மேல்பரப்பில் படிகிறது. மெல்லிய பூச்சுகளாகத் தடவி, ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்தது. கடைசியில் நுண்படிக மெழுகு, பிரஷால் மெல்லிசாக. உருகிய மெழுகில் முழுக்குவதையும் யோசித்தோம். நூறு டிகிரிக்கு மேல் சூடான மெழுகு துளைகளிலுள்ள நீரை வெளியேற்றிவிடும், பாதுகாப்பும் கூடும். ஆனால் உள்ளே உப்பு கொஞ்சம் மிஞ்சியிருந்தால் மறுபடி கழுவ வழியிருக்காது. துளைக்குள் இறங்கிய மெழுகை வெளியே எடுப்பது மிகக் கடினம். ஆகவே அது வேண்டாம் என்று முடிவு.

கத்தி: உப்பைத் தொடவில்லை

கத்தியை எந்தக் கரைசலிலும் போடவில்லை. காரத்தில் ஊறினால் உப்பு வெளியே வரும், கூடவே மரத்தின் அச்சும் கரைந்து உதிரும். மின்பகுப்பு என்றால் துரு ஓடு கழன்று கத்தியே இல்லாமல் போகும். ஆக உப்பு உள்ளேயே இருக்கட்டும், அதற்கு நீர் கிடைக்காமல் பார்த்துக்கொள்வோம் என்று தீர்மானித்தோம்.

சுத்தம் செய்தது முழுக்க உருப்பெருக்கியின் கீழ், அறுவைக் கத்தியாலும் ஊசியாலும். வெளியே இருந்தது மண்ணும் மணலும் கலந்த ஆரஞ்சுக் கட்டி. அதன் கீழே கருமையான, அடர்ந்த அடுக்கு. எக்ஸ்ரே படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்தக் கருமை தெரிந்த இடத்தில் நிறுத்தினோம். வால்பகுதியை மென்பிரஷால் தட்டியதோடு சரி. ஒரு பக்கத்தை மட்டும் வெளிக்கொணர்ந்துவிட்டு, மறுபக்கத்தை மண்கட்டியோடு அப்படியே விட்டோம். இதை அவர் முதலில் ஏற்கவில்லை. பாதி வேலை மாதிரி இருக்கிறது என்றார். பின்னால் வருகிறவருக்குச் சோதிக்க ஏதாவது இருக்க வேண்டும் என்றேன், அரைமனதோடு ஒத்துக்கொண்டார்.

விரிசல்களில் அசிட்டோனில் கரைத்த பேரலாய்டு பி-72 அக்ரிலிக் பிசினை, நீர்த்த நிலையில், துளித்துளியாக விட்டோம். தேவைப்பட்டால் அசிட்டோனாலேயே மீண்டும் கரைத்து எடுத்துவிடலாம் என்பதுதான் அதைத் தேர்ந்த காரணம்.

பூட்டு

இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் இரும்புதான் முதலில் பலியாகும். பித்தளைத் தகடு பச்சைப் படலத்தோடு உறுதியாக இருந்தது. அதை ஒட்டிய இரும்பு ஓரம் மாவாக இருந்தது. இரும்புக்கு ஏற்ற அமிலங்கள் பல பித்தளைக்கு ஆகாது. உள்ளே உள்ள நெம்புகளைத் திறந்து பார்க்கும் ஆசை இருந்தாலும், எக்ஸ்ரேயில் எல்லாம் தெரிந்துவிட்டது. வெளிமண்ணை எடுத்தோம், உலர்த்தினோம், பெட்டிக்குள் வைத்தோம். வேறொன்றும் செய்யவில்லை.

பெட்டி

காற்றுப்புகாத பிளாஸ்டிக் பெட்டி, அடியில் நிறையச் சிலிக்கா ஜெல், வெளியே இருந்தே படிக்கும்படி உள்பக்கம் ஒட்டிய ஈரப்பதம் காட்டும் அட்டை. உப்பு நிறைந்த இரும்பைச் சுற்றியுள்ள காற்றின் ஒப்பு ஈரப்பதம் 12 விழுக்காட்டுக்குக் கீழே போனால்தான் அரிப்பு நிற்கும். 20-இல் மிக மெதுவாக நடக்கும். 1843-இல் நீரில் இறக்கிய எஸ்.எஸ். கிரேட் பிரிட்டன் என்ற இரும்புக் கப்பலின் அடிப்பகுதியை பிரிஸ்டல் நகரில் 20 விழுக்காடு ஈரப்பதத்தில் வைத்துத்தான் காக்கிறார்கள். ஒரு கப்பலுக்குப் பெரிய உலர்த்தும் இயந்திரம் வேண்டும். கத்திக்கு ஒரு பெட்டி போதும். அட்டையின் நிறம் மாறத் தொடங்கும்போது ஜெல்லை அடுப்பில் சூடாக்கி உலர்த்தி மீண்டும் வைக்கலாம். பொருளை நேராக ஜெல்மேல் வைக்காமல், நுரைத்தாளில் குழி வெட்டி அமர்த்தினோம்.

அடுத்த ஈரக்காலத்தில்

கத்தியிலும் பூட்டிலும் புதுத் துளி இல்லை, உதிர்வு இல்லை. பூட்டின் இரும்பு ஓரத்தில் இருந்த ஒரு விரிசல் மட்டும் சற்று அகன்றது. உலர்த்தும்போது அப்படி நேர்வதுண்டு. கீல் வியர்ப்பதை நிறுத்தியது. ஆனால் பழைய மேற்பரப்பு எங்கும் இல்லை. சுத்தியல் தடமோ ஆணித்துளையின் கூர்விளிம்போ எதுவும் தெரியாத, சொரசொரப்பான ஒரு பட்டைதான் அது இப்போது.

கோடாரியை அவர் சில வாரங்கள் பெட்டிக்கு வெளியே, அலமாரியில் வைத்திருந்தார். வெளிப்பரப்பு நன்றாகவே தாங்கியது. கைப்பிடி செருகும் காதுத் துளையின் உள்பக்கம் மட்டும் ஒரு சிறு ஆரஞ்சுப் புள்ளி. பிஎச் தாள் மறுபடியும் அமிலத்தைக் காட்டியது. காரணத்தைத் தேட வெகுதூரம் போகவில்லை: தொட்டியில் தகடுகள் எல்லாம் வெளிப்பக்கம் நின்றன. நேர்மின்வாய்க்கு எதிரே இருக்கும் பரப்பில்தான் மின்னோட்டம் நன்றாகப் பாயும். துளையின் உள்சுவர் மறைவில் இருந்துவிட்டது. மெழுகில் முழுக்காமல் விட்டது இங்கே கைகொடுத்தது. கரைப்பானால் மெழுகைத் துடைத்து, கோடாரியை மறுபடி தொட்டியில் இறக்க முடிந்தது.

இனி மாற்றப்போவது

துளையோ குழியோ உள்ள பொருளுக்கு, உள்ளே ஓர் எஃகுக் கம்பியையும், பொருளைத் தொடாதபடி பிளாஸ்டிக் வலை சுற்றி, நேர்மின்வாயாக நிறுத்துவது. கோடாரியின் இரண்டாம் சுற்றில் அதைச் செய்தோம். கரைசலில் குளோரைடு மறுபடியும் தெரிந்தது, கொஞ்ச காலத்தில் மறைந்தது.

எக்ஸ்ரேயைக் கோடாரிக்கும் எடுத்திருக்கலாம். அடர்த்திக் கணக்கு மொத்தச் சராசரியைத்தான் சொல்லும், எந்த மூலையில் உலோகம் மெலிந்திருக்கிறது என்று சொல்லாது. எஃகு வாயின் இணைப்பும் முன்பே தெரிந்திருக்கும்.

பெரிய மாற்றம் தோண்டும் இடத்திலேயே. இதுபோன்ற உவர் நிலத்தில் எடுத்த இரும்பை இனி அவர் கழுவுவதில்லை. மண்ணோடு, அன்றே, சிலிக்கா ஜெல் வைத்த பெட்டியில் போட்டு மூடுகிறார். கடல்நீரிலோ எப்போதும் நீர் தேங்கும் சேற்றிலோ எடுத்தால் மட்டும் வேறு வழி: காயவே விடாமல், காரம் சேர்த்த நீரில் முழுக்கி வைப்பது. அண்மையில் அதே வயலில் ஒரு கைப்பிடி ஆணிகள் கிடைத்தன. அவற்றில் இரண்டை மட்டும் எக்ஸ்ரேக்குப் பிரித்துவைத்துவிட்டு, மீதியைச் சுத்தம் செய்யாமலே பெட்டியில் விட்டிருக்கிறார்.